ஒலிவம்: புட்டிக்கு வெளியே ஒரு மரம்

பாலாற்றங்கரை (காட்பாடி) எழுதியது:

வேலூர்க் கடைகளில் ஒலிவ (ஆலிவ்) எண்ணெயை எந்த அலமாரியில் வைத்திருக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு கடையில் குழந்தைகளுக்கான பவுடர், சோப்பு வரிசையில் இருக்கும். இன்னொன்றில் சர்க்கரை நோயாளிகளுக்கான பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வரிசையில் அதைப் பார்ப்பது அரிது. மருந்தாகவும் வசதி படைத்தவர்களின் பண்டமாகவும் மட்டுமே அது நம் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஒரு மரத்தைச் சுற்றி உணவு, விளக்கு, வழிபாடு, விளையாட்டு, ஓவியம் எல்லாம் வளர்ந்திருக்கின்றன. அந்த மரத்தை மறந்துவிட்டுப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் கொழுப்புக் கணக்கை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஏதென்ஸ் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் யாருக்கு என்று கடல் தெய்வம் பொசைடனுக்கும் அறிவுத் தெய்வம் அதீனாவுக்கும் போட்டி வந்ததாகக் கிரேக்கர்கள் சொல்வார்கள். அவன் சூலத்தால் பாறையைக் குத்தி உப்பு நீரூற்றை வரவழைத்தான். அவள் ஒரு ஒலிவ மரத்தைத் தந்தாள். ஊர் அவளுக்குப் போயிற்று. பின்னாளில் அந்த ஊர்த் திருவிழா விளையாட்டுகளில் வென்றவர்களுக்குப் பரிசு என்ன தெரியுமா? சாடி சாடியாக ஒலிவ எண்ணெய். ஒரு சாடிக்கு ஏறத்தாழ 38 லிட்டர் பிடிக்கும். சாடியின் ஒரு பக்கம் ஆயுதம் ஏந்திய அதீனா, மறுபக்கம் ஓட்டமோ மல்யுத்தமோ தேரோட்டமோ, எந்தப் போட்டியில் வென்றாரோ அந்தப் போட்டியின் காட்சி. கிரேக்கக் குயவர்கள் கறுப்பு உருவம் தீட்டும் பழைய பாணியை விட்டு, உருவத்தைச் சிவப்பாக விட்டுப் பின்புலத்தைக் கறுப்பாக்கும் புதுப் பாணிக்கு மாறிய பிறகும், இந்தப் பரிசுச் சாடிகளுக்கு மட்டும் பழைய பாணியைக் கைவிடவில்லை. இன்று உலக அருங்காட்சியகங்களில் நாம் கலைப்பொருளாகப் பார்க்கும் அந்தச் சாடிகள் எண்ணெய் ஊற்றி வைக்கச் செய்யப்பட்டவைதான்.

இந்த எண்ணெய் நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த ரோமானியச் சாடிகளின் ஓடுகளில் மது கொண்டுவந்தவை உண்டு, புளிக்க வைத்த மீன் சாறு கொண்டுவந்தவை உண்டு, ஒலிவ எண்ணெய் கொண்டுவந்தவையும் உண்டு. நம் கடற்கரைக்கு அது வந்து இரண்டாயிரம் ஆண்டு ஆகிறது.

அவரவர் தொழில், சமயம், அடுப்படி எந்தப் பக்கத்திலிருந்து இந்த மரத்தைப் பார்க்கிறீர்களோ, அங்கிருந்தே எழுதுங்கள்.

மல்லாட்டைக் காடு (போளூர்) எழுதியது:

ஐயா, வரலாறு நன்றாக இருக்கிறது. ஆனால் வயிற்றெரிச்சலையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு, மழை ஏமாற்றினால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறோம். விளைந்தாலோ மண்டியில் விலை இல்லை. இந்த நேரத்தில் ஸ்பெயினிலிருந்து வரும் எண்ணெயை நல்லது நல்லது என்று மருத்துவர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை சொன்னால் எங்களுக்கு எப்படி இருக்கும்? ஒலிவத்தைக் கொண்டாடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. நம் எண்ணெயின் தலையில் ஏறி நின்று கொண்டாட வேண்டாம்.

பாலாற்றங்கரை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். தாளிக்கவும் வடை சுடவும் ஒலிவ எண்ணெய் வாங்குங்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கத்தரிக்காய்க் குழம்புக்கு நல்லெண்ணெய், பலகாரத்துக்குக் கடலை எண்ணெய். அந்தந்த மண்ணின் சமையல் அந்தந்த எண்ணெயோடு சேர்ந்தே வளர்ந்தது. ஏதென்ஸ்காரர் தம் மரத்துக்குக் கொடுத்த மரியாதையை நாம் நம்முடையவற்றுக்குக் கொடுத்தோமா என்று கேட்கத்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

செக்கடித் தெரு (குடியாத்தம்) எழுதியது:

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செக்கு ஓட்டியது. அந்தப் பழக்கத்தில் ஒலிவ எண்ணெய் எடுக்கும் முறையைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அடிப்படையிலேயே அது வேறு வேலை.

நாம் ஆட்டுவது காய்ந்த விதை. எள்ளானால் கருப்பட்டி சேர்த்து ஆட்டுவோம். உலக்கை சுற்றச் சுற்ற எண்ணெய் கசிந்து மேலே வரும், பிண்ணாக்கு உரலோடு ஒட்டிக்கொள்ளும். ஒலிவத்தில் எண்ணெய் இருப்பது பழத்தின் சதையில். ஆகவே பழத்தைக் கொட்டையோடு சேர்த்துக் கல்லில் அரைத்து விழுதாக்குகிறார்கள். பழைய முறையில் அந்த விழுதை வட்டமான நார்ப்பாய்களில் பூசி, பாய்மேல் பாயாக அடுக்கி, மேலிருந்து அழுத்துவார்கள். வழிவது வெறும் எண்ணெய் அல்ல. கறுத்த கசப்பு நீரும் கூடவே வரும். தேங்க விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், அதை வடித்து எடுப்பார்கள். இப்போது பெரும்பாலும் சுழல் இயந்திரம் வைத்துப் பிரிக்கிறார்கள்.

நூறு கிலோ மல்லாட்டைப் பருப்பில் நாற்பது கிலோவை ஒட்டி எண்ணெய் காணலாம். நூறு கிலோ ஒலிவப் பழத்தில் 15 முதல் 20 கிலோதான் கிடைக்கும். பழத்தையும் நாள்கணக்கில் குவித்து வைக்க முடியாது. அடிபட்ட பழம் புளிக்கத் தொடங்கி எண்ணெயின் அமிலம் ஏறிவிடும். விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வாங்குகிறவர்கள் புட்டியில் உள்ள வகையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்றால் ரசாயனம் இல்லாமல் பிழிந்தது, தனியாகப் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலம் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 'பொமேஸ்' என்பது பிழிந்து முடித்த சக்கையிலிருந்து கரைப்பான் ஊற்றி எடுத்துச் சுத்திகரித்தது. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் பெரிய டப்பாக்களில் பல இந்த வகை. பொரிக்க அது உதவலாம். ஆனால் மரத்தின் மணத்தையும் குணத்தையும் அதில் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

இன்னொன்று. நல்ல புது எண்ணெயைத் தேக்கரண்டியில் ஊற்றி அப்படியே விழுங்கினால் தொண்டையின் பின்பக்கம் சுரீர் என்று காறும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். ஒலியோகாந்தல் என்ற பொருள் செய்யும் வேலை அது. இபுபுரூஃபென் மாத்திரை போலவே அது உடலில் செயல்படுகிறது என்று 2005-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கெட்ட எண்ணெய் காறாது, சிக்கு வாடை அடிக்கும்.

ஆம்பூர் மேட்டுத்தெரு (ஆம்பூர்) எழுதியது:

தோல் தொழிலில் இருக்கிறேன். ஒலிவத்துக்கும் ஆம்பூருக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன்.

மரத்திலிருந்து பறித்த ஒலிவக் காயை யாராலும் தின்ன முடியாது. பச்சையோ கறுப்போ, வாயில் வைத்தால் கசப்பு நாக்கை விட்டுப் போகாது. ஒலியூரோபின் என்ற பொருள்தான் காரணம். இலையிலும் அது நிறைய உண்டு. பூச்சி இலையைக் கடிக்கும்போது இலைக்குள் இருக்கும் ஒரு நொதி ஒலியூரோபினோடு கலந்து அதை உடைக்கிறது. அப்போது பிறக்கும் பொருள் புரதங்களைப் பிடித்து ஒன்றோடொன்று பிணைத்துவிடும். தின்ற இலை பூச்சிக்குச் செரிக்காமல் போய்விடும்.

இனி எங்கள் தொழிலுக்கு வாருங்கள். தோல் பதனிடுதல் என்பதே தோலில் உள்ள கொலாஜன் புரதத்தைப் பிணைத்து அழுகாமல் நிறுத்துவதுதான். ஜெர்மனியில் சிலர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளில் அறுவடையிலும் கவாத்திலும் மலைமலையாகக் கழியும் ஒலிவ இலைகளைச் சாறெடுத்து, குரோமியம் இல்லாமல் தோல் பதனிடும் முறையை உருவாக்கிவிட்டார்கள். காரில் உட்காரும் இருக்கைத் தோல்வரை அது போயிருக்கிறது.

நம் முன்னோர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டவர்கள். அந்தத் தோல் கப்பலேறிப் போனது. பிறகு குரோமியம் வந்தது, வேகம் வந்தது, தோல் ஆலைக் கழிவால் பாலாறு பட்ட பாடு இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பு வந்த கதை அது. ஒலிவ இலைச் சாறு இங்கே கட்டுபடியாகுமா என்றால் இன்றைய விலையில் ஆகாது. ஆனால் கழிவு இலையில் இவ்வளவு இருக்கிறது என்று கண்டவர்களைப் போல, நம் ஆவாரையை யாராவது திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

பாலாற்றங்கரை எழுதியது:

பாய், இந்த இழையில் இதைவிட நல்ல பதிவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் வைக்க முடியாமல் செய்கிற அதே கசப்பு தோலைக் காக்கிறது! அந்தக் கசப்பைப் போக்க மக்கள் பட்ட பாடுதான் ஊறுகாய் ஒலிவத்தின் வரலாறு. ஸ்பெயின் முறையில் காரக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, பிறகு உப்புநீரில் புளிக்க வைப்பார்கள். கிரேக்கர் பலர் காரமே சேர்க்காமல் உப்புநீரில் மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பச்சை ஒலிவம், கறுப்பு ஒலிவம் என்று இரண்டு சாதி மரம் இல்லை. முற்றாத காய் பச்சை, பழுத்தது கறுப்பு. டப்பாவில் ஒரே சீராகப் பளபளவென்று கறுத்திருப்பவை மட்டும் பெரும்பாலும் பச்சைக் காயைக் காரத்தில் போட்டுக் காற்றுப் பட வைத்து, இரும்பு உப்பால் நிறத்தை நிறுத்தியவை.

சத்துவாச்சாரி அக்கா (வேலூர்) எழுதியது:

கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒலிவ மரத்தை நேரில் பார்க்காமலே அதோடு வாழ்ந்துவிடுகிறோம். பேழையிலிருந்து நோவா அனுப்பிய புறா கொத்திக்கொண்டு வந்த இலையிலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்கம் தொடங்குகிறது.

எங்கள் திருமணங்களில் 128-ஆம் சங்கீதம் வாசிப்பது வழக்கம். உன் பிள்ளைகள் உன் பந்தியைச் சுற்றிலும் ஒலிவமரக் கன்றுகளைப் போல் இருப்பார்கள் என்று வரும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி எதற்குக் கன்று என்று சிறு வயதில் விளங்கவில்லை. வயதான ஒலிவ மரத்தின் அடியைப் படத்தில் பார்த்தால் உடனே விளங்கிவிடும். நடுவில் முறுக்கிப் பொந்து விழுந்த தாய்மரம். அதன் வேரிலிருந்து கிளம்பி, அதைச் சுற்றி வட்டமாக நெட்டுக்குத்தாக நிற்கும் இளங்கன்றுகள். தாய்மரம் பட்டுப்போனாலும் கன்றுகள் நிற்கும். நம் ஊர்க்காரன் வாழையடி வாழை என்று வாழ்த்துவதும் இதைத்தான். எருசலேமில் கெத்செமனே தோட்டத்தில் உள்ள எட்டுப் பழைய மரங்களை ஆய்ந்து 2012-இல் முடிவு வெளியிட்டார்கள். காலம் கணிக்க முடிந்த அடிமரங்கள் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. மரபணுவைப் பார்த்தால் எட்டு மரங்களும் ஒரே தாயிடமிருந்து வந்தவை. ஆண்டவர் இரத்த வேர்வை சிந்திய இடம் என்பதால் யாரோ ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்தே தோட்டம் முழுதும் நட்டிருக்க வேண்டும்.

குருத்தோலை ஞாயிறன்று நாம் தென்னங்குருத்தில் சிலுவை முடைந்து எடுத்துப் போகிறோம். இத்தாலியில் பல ஊர்களில் அன்றைக்கு ஒலிவக் கிளையைத்தான் பிடித்துப் போகிறார்கள். எந்த ஊரில் எது உண்டோ அது.

கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. புனித வாரத்தில் ஆயர் மூன்று எண்ணெய்களை மந்திரிப்பார்: திருமுழுக்குக்கு ஆயத்தமாவோருக்கு ஒன்று, நோயில் பூசுதலுக்கு ஒன்று, நறுமணத் தைலம் கலந்த கிறிஸ்மா ஒன்று. நூற்றாண்டுகளாக இதற்கு ஒலிவ எண்ணெய்தான் கட்டாயமாக இருந்தது. ஒலிவமே விளையாத நாடுகளின் ஆயர்கள் கேட்டுக்கொண்டதால், நோயாளிகளுக்குப் பூச வேறு தாவர எண்ணெயும் ஆகலாம் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் அனுமதித்தார். எனக்கு இது சிறிய செய்தியாகத் தெரியவில்லை. போளூர் அண்ணன் இதைப் படிக்க வேண்டும். சாகக் கிடக்கிறவரின் நெற்றியில் பூச நம் மண்ணின் எண்ணெய்க்கும் தகுதி உண்டு என்று ரோமாபுரியே எழுதிக் கொடுத்திருக்கிறது.

விஷாரம் (மேல்விஷாரம்) எழுதியது:

அக்கா, உங்கள் பதிவுக்கு நன்றி. எங்கள் வீடுகளில் அது ஜைத்தூன் எண்ணெய். திருக்குர்ஆனின் 95-ஆம் அத்தியாயமே அத்தியின்மீதும் ஒலிவத்தின்மீதும் சத்தியமாக என்று தொடங்குகிறது. 24-ஆம் அத்தியாயத்தில் ஒளியைப் பற்றிய வசனம் ஒன்று உண்டு. மாடம், அதில் விளக்கு, விளக்கைச் சுற்றிக் கண்ணாடி. அதை எரிப்பது கிழக்குக்கும் சேராத மேற்குக்கும் சேராத பாக்கியம் பெற்ற ஒலிவ மரத்தின் எண்ணெய். நெருப்புத் தொடாமலே ஒளிர்ந்துவிடும் போன்ற எண்ணெய். நல்ல எண்ணெயைப் புட்டியோடு வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பேரீச்சையோடு ஒரு டப்பா ஜைத்தூனும் வரும். கூடவே சோப்பு வரும் வீடுகளும் உண்டு. பாலஸ்தீனத்து நாபுலுஸ், சிரியாவின் அலெப்போ இரண்டும் ஒலிவ எண்ணெய் சோப்புக்குப் பேர்போன ஊர்கள். காய்ச்சிய குழம்பைத் தரையில் பரப்பி, ஆறியதும் வெட்டி, முத்திரை குத்தி, கோபுரம் கோபுரமாக அடுக்கி உலர்த்துவார்கள். 2024-இல் யுனெஸ்கோ இரண்டையும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊர்களில் இத்தனை துயரத்துக்கு நடுவிலும் அந்த அடுப்பை மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு நெஞ்சை அடைக்கும் விஷயம்.

ராணிப்பேட்டை மாணவி எழுதியது:

சார், நான் ஓவியம் படிக்கிறேன். வான் கோ ஒலிவ மரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்ததாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மரத்தில் அப்படி என்ன இருக்கிறது? படத்தில் பார்த்தால் பெரிய அழகான மரமாகவும் தெரியவில்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

அம்மா, நல்ல கேள்வி. 1889 மே மாதம் வான் கோ தென்பிரான்ஸில் சேன் ரெமி ஊரின் மனநல விடுதியில் தாமாகவே போய்ச் சேர்ந்தார். விடுதிச் சுவரைத் தாண்டினால் ஒலிவத் தோப்புகள். அங்கே இருந்த ஓராண்டில் குறைந்தது பதினைந்து ஒலிவ ஓவியங்கள் தீட்டினார்.

அந்த இலையின் மேல்பக்கம் மங்கிய பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. காற்று அடித்தால் மரம் முழுதும் நிறம் மாறிவிடும். காற்று நின்றால் பழைய நிறம். காலையில் ஒரு நிறம், வெயில் சாய்ந்தால் இன்னொன்று. எந்த வண்ணக் குழாயிலும் அந்த நிறம் கிடையாது. ஓவியன் நீலத்தையும் மஞ்சளையும் வெண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்க்கிறவர் கண்ணிலேயே கலக்கவிட வேண்டும். அந்தச் சவால்தான் அவரை விடவில்லை.

1889 ஜூனில் தீட்டியதைப் பாருங்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தம் 'விண்மீன் இரவு' ஓவியத்துக்குப் பகல் நேரத் துணையாக நினைத்து அதைச் செய்தார். அடிமரம் முறுக்குகிறது, தரை அலையடிக்கிறது, பின்னால் நீல மலை, அதற்கும் மேலே திரண்ட ஒரு வெள்ளை மேகம். எல்லாக் கோடும் ஒரே ஓட்டத்தில் போகிறது. மரம் எது, மண் எது என்று பிரிக்க முடியாமல் நிற்கிறது.

அதே ஆண்டில் அவருடைய ஓவிய நண்பர் கோகன் ஒலிவத் தோட்டத்தில் கிறிஸ்துவை வரைந்தார், அந்தக் கிறிஸ்துவுக்குத் தம் முகத்தையே வைத்தார். இன்னொரு ஓவியர் எமில் பெர்னாரும் அதே பொருளை வரைந்தார். வான் கோவுக்கு இது பிடிக்கவே இல்லை. கெத்செமனேயின் வேதனையைக் காட்டக் கெத்செமனேயைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, எதிரே நிற்கும் மரத்தை உண்மையாக வரைந்தால் போதும் என்பது அவர் கட்சி. ஆகவே டிசம்பரில் ஏணி வைத்து ஒலிவம் பறிக்கும் பெண்களை வரைந்தார். என் கட்சியும் அதுதான். நீங்கள் திருவலம் சாலையில் ஒரு புளியமரத்தின் கீழ் உட்கார்ந்து, அதன் நிழலுக்கு என்ன நிறம் என்று நாள் முழுதும் பாருங்கள். கறுப்பு என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது!

ஏலகிரி அத்தனாவூர் எழுதியது:

சார், ஏலகிரியில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறேன். இணையத்தில் ஒலிவக் கன்று விற்கிறார்கள். மலையில் வருமா?

செக்கடித் தெரு எழுதியது:

தம்பி, கன்று வளரும். காய்க்காது. ஒலிவம் பூ எடுக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் நல்ல குளிர் தேவை. ஏலகிரி ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரம்தான். மார்கழி இரவில் போர்வை கேட்கும், அவ்வளவே. ராஜஸ்தான் அரசு 2007-இல் இஸ்ரேல் உதவியோடு இதைத் தொடங்கி, பிகானேர் பக்கத்து லூன்கரன்சரில் 2014-இல் எண்ணெய் ஆலையும் வைத்தது. அங்கே பாலைவனக் குளிர் பூஜ்யத்தைத் தொடும். கத்திரி வெயிலுக்குப் பேர்போன நம் மாவட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. பணத்தை மண்ணில் போடாதீர்கள். ஒலிவத்தின் குடும்பத்தில் ஒன்றுதான் வேண்டும் என்றால் மல்லிகை போடுங்கள். தாவர வகைப்பாட்டில் மல்லிகையும் ஒலிவக் குடும்பம்தான்.

சத்துவாச்சாரி அக்கா எழுதியது:

சமையல் பற்றி யாரும் எழுதவில்லையே. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைத் தணலில் தோல் கருகச் சுடுங்கள். தோலை உரித்து, கையாலேயே மசித்து, தட்டிய பூண்டு இரண்டு பல், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிண்ணத்தில் குழித்து வையுங்கள். அந்தக் குழியில் எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுங்கள். அடுப்பில் ஏற்றக் கூடாது, ஏற்றினால் மணம் போய்விடும். லெபனானிலும் சிரியாவிலும் எள் விழுது சேர்த்தும் சேர்க்காமலும் இதைச் செய்கிறார்கள். நம் முள்ளுக் கத்தரியில் விதை குறைவு, சதை வெண்ணெயாக மசியும், அதனால் அவர்களுடையதைவிட நன்றாகவே வரும் என்று துணிந்து சொல்வேன். ஜாடி ஒலிவக் காயை ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு உப்பை இறக்கிவிட்டு, கிள்ளிய மிளகாயும் கடுகும் தாளித்துக் கொட்டினால் தயிர் சாதத்துக்கு வெகு பொருத்தம்.

மல்லாட்டைக் காடு எழுதியது:

கத்தரிக்காயைச் சுட்டுப் பார்க்கிறேன் அக்கா, மேலே மட்டும் எங்கள் எண்ணெய். காட்பாடி ஐயாவிடம் ஒரு கேள்வி. நம் மண்ணில் ஒலிவத்தின் இடத்தில் நிற்கத் தகுந்த மரம் எது? மல்லாட்டை செடிதானே, மரம் இல்லையே.

பாலாற்றங்கரை எழுதியது:

இலுப்பை, அண்ணா. வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அதன் எண்ணெயில் கோயில் விளக்கு எரிந்தது. பிண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். பூவைத் தின்றார்கள், ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியே இருக்கிறது. மரம் நூறாண்டு தாண்டி நிற்கும். ஏரிக்கரைத் தோப்புகளை வெட்டி விற்றோம், ஒரு சாடியிலும் அதை வரையவில்லை.

ஏலகிரித் தம்பிக்கும் இதையே சொல்வேன். ஆனி, ஆடியில் பழம் உதிரும். சதையைக் கழுவிவிட்டு விதையை அந்த வாரத்திலேயே போட வேண்டும், காயவைத்து எடுத்து வைத்தால் முளைக்காது. பையில் போட்டு நிழலில் வைத்து, அடுத்த மழைக்கு நடலாம். விதை வேண்டுவோர் இங்கேயே எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் சில மரங்கள் மிச்சம் இருக்கின்றன, பொறுக்கி அனுப்புகிறேன்.